பெரிய திரையில் என் புலம்பல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். அப்படி இழுத்ததால் பூட்டு தளர்ந்துபோயிருக்குமோ என்று இன்னொரு முறையும் வந்து பார்ப்பவள். (என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் தெருமுனையில் தானாகவே வண்டியை நிறுத்தி, "போய்ட்டு வா, நான் இங்கியே இருக்கேன்" என்று போனை எடுத்துக்கொள்கிறார்.) பாப்பா பிறந்த பிறகு இந்தக் குணம் பத்து மடங்காகிவிட்டது. அவளைப் பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கே மூன்று மாற்றுத் துணி, இரண்டு ஃபிளாஸ்க், காய்ச்சல் மருந்து, ஒரு தெர்மாமீட்டர், அது வேலை செய்யாவிட்டால் இன்னொரு தெர்மாமீட்டர். எதற்கும் இருக்கட்டும். என் வாழ்க்கை ஓடுவதே இந்த இரண்டு சொற்களில்தான்.

அந்த இரண்டு சொற்களால் ஒரு நாள் காலையில் என் வேலை போகப் பார்த்தது.

சென்னையில் உள்ள ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும், செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன் என்று கேட்டேன். என் டீம் லீட் அனிகேத் புனேக்காரர், நல்ல மனிதர், சின்ன வயது, கல்யாணம் ஆகாதவர். "மூன்று மாதம் பார்க்கலாம். சரிப்பட்டு வந்தால் தொடரலாம், இல்லையென்றால் அலுவலகத்துக்கு வர வேண்டியிருக்கும்" என்றார். அலுவலகத்துக்குப் போவது என்றால், ஒன்று பத்து மாதக் குழந்தையோடு சென்னைக்குக் குடிபோக வேண்டும். என் வீட்டுக்காரரின் மோட்டார் கடை செஞ்சி பஜாரில் இருப்பதால் அது நடக்காது. அல்லது வேலையை விட வேண்டும். மூன்று மாதத்தில் கடைசி வாரம் வந்துவிட்டது. நான் தினமும் பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதே மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். (நன்றாகவே வந்திருந்தது. மூன்றாவது பத்தியில் நானே அழுதுவிட்டேன்.)

நாங்கள் செய்து கொடுத்திருந்தது, நாலைந்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கான டோக்கன் ஆப். வீட்டிலிருந்தே டோக்கன் போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்தால் போதும். ஆனால் சிலருடைய டோக்கன் மாயமானது. போனில் நம்பர் இருக்கும், மருத்துவமனைக்கு வந்து பார்த்தால் அந்த நம்பரில் வேறு ஒரு குழந்தையின் பெயர் இருக்கும். பாவம், வரவேற்பில் இருக்கும் பெண்கள் திட்டு வாங்கினார்கள். மருத்துவமனையின் நிர்வாகி ரேணுகா மேடம், காரணம் தெரியாவிட்டால் ஆப்பையே தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஆப் போனால் என் செஞ்சி வாசமும் போயிற்று.

காரணம் ஏன் தெரியவில்லை என்றால், லாக் நிற்கவில்லை. லாக் என்பது ஆப் தான் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் போட்டு எழுதிவைக்கும் வரி. 'ஏழு மணிக்கு டோக்கன் கேட்டார்கள், கொடுத்தேன்' என்கிற மாதிரி. எங்கள் ஆப் கிளவுடில், அதாவது யாரோ வாடகைக்கு விடும் கணினிகளில், ஓடுகிறது. அங்கே ஆப்புக்கு நிரந்தர வீடு கிடையாது. புது வெர்ஷன் ஏற்றினாலோ, ஆப் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்தாலோ, பழைய இடத்தை அழித்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகத் தொடங்கும். லாக் பழைய இடத்திலேயே அழிந்துபோகும். வாடகை வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்துவிட்டு, காலி செய்யும்போது சுவரை விட்டுவிட்டு வருவோமே, அது போல.

அந்தக் கோடுகளையெல்லாம் ஒரு நிலையான இடத்தில் சேர்த்து வைத்து, தேடிப் பார்க்க ஒரு பக்கமும் செய்ய வேண்டும். அது என் வேலை. மூன்று வாரம் உழைத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நன்றாகவே செய்திருந்தேன்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

இந்த வேலைக்காக ஆப்பின் பழைய நிரலைப் (கோட்) படித்தபோது எனக்கு ஒவ்வொரு வரியிலும் பயம். விடுப்பில் எல்லாம் மறந்துவிட்டதோ, எல்லோருக்கும் புரிவது எனக்கு மட்டும் புரியவில்லையோ என்று. யாரிடமாவது கேட்கவும் கூச்சம். அதனால் நிரலுக்குள்ளேயே, ஒவ்வொரு படியிலும், எனக்கு மட்டும் ஒரு லாக் வரி போட்டுக்கொண்டேன். தமிழில். 'உள்ளே வந்தாச்சு, கடவுளே காப்பாத்து.' 'இந்த இடத்தை ரெண்டு தடவை பார்த்துட்டேன், இன்னும் நம்பிக்கை வரலை.' 'இங்கே உடைஞ்சா என் தப்பு இல்லை, இது போன வருஷமே இப்படித்தான் இருந்தது.' அனிகேத் சரிபார்க்கும்போது இது என்ன என்று கேட்டார். "சோதனைக் குறிப்பு, தமிழில் இருக்கிறது" என்றேன். "அருமை, உள்ளூர் மொழி வளரட்டும்" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

இந்த வரிகள் வெளியே தெரியாது என்பது என் தைரியம். லாகில் படிநிலைகள் உண்டு. சாதாரணமாக 'ஆபத்து' என்று குறித்தவற்றை மட்டும் சேமிப்போம். என் புலம்பல்களை நான் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படியில் போட்டிருந்தேன். ஆனால் மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கடைசியாகச் சரிபார்த்தபோது மனது அடித்துக்கொண்டது. முக்கியமான ஏதாவது வரி விட்டுப்போனால்? எதற்கும் இருக்கட்டும் என்று, 'எல்லாவற்றையும் சேமி' என்று மாற்றிவைத்தேன்.

அந்த எல்லாவற்றிலும் நானும் இருக்கிறேன் என்பது மறந்துவிட்டது.

மறுநாள் செஞ்சியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. என் நாத்தனார் தேவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், வாய் மட்டும் முப்பது வயது பெரியது. பார்லரில் இன்வெர்ட்டர் உண்டு. பாப்பா, லேப்டாப், மூன்று மாற்றுத் துணி இத்யாதிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"இன்னா அண்ணி, குடி வந்துட்டீங்களா?" என்றாள் தேவி, என் பைகளைப் பார்த்து.

"ஒரு மணி நேரம்தான் தேவி. பாப்பாவை மட்டும் பாத்துக்க. சத்தம் போடாம இரு, ப்ளீஸ். என் வேலையே இதுலதான் இருக்கு."

"நான் இன்னா சத்தம் போடப் போறேன்? நூலு சத்தம் போடுமா?"

அவள் தளவானூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவுக்கு நூலால் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அக்காவின் நாலு வயதுப் பையன் பக்கத்து நாற்காலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நான் மூலையில், மணப்பெண் அலங்காரப் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்தேன். கேமராவில் என் தலைக்கு மேல் ஒரு நெற்றிச்சுட்டி தொங்குவது போலத் தெரிந்தது. சரிசெய்ய நேரமில்லை.

பதினொரு மணிக்கு மீட்டிங். அனிகேத் விழுப்புரத்துக்கே போய், மருத்துவமனை அலுவலகத்தில் பெரிய திரைக்கு முன் நின்றிருந்தார். எதிரே ரேணுகா மேடம், இரண்டு டாக்டர்கள், வரவேற்பில் திட்டு வாங்கிய பெண்கள் இருவர். அனிகேத் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "இனி எந்தத் தகவலும் தொலையாது. இந்தப் பக்கத்தை முழுக்கச் செய்தவர் சுகன்யா. இப்போது நீங்களே பாருங்கள்."

பக்கத்தைத் திறந்தார். வரிகள் கொட்டின.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எழுத்து அழகாகத் தெரிகிறதே என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அது என் எழுத்து என்று தெரிந்தது. விழுப்புரத்திலும் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் யார் டோக்கன் போட்டாலும், அந்தப் பெரிய திரையில், 'உள்ளே வந்தாச்சு, கடவுளே காப்பாத்து' என்று ஒரு வரி ஏறியது. காலை நேரம். கூட்டம் அதிகம். கடவுளை நிமிடத்துக்கு எட்டுத் தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வரவேற்புப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அனிகேத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எல்லோரும் ஆர்வமாகப் பார்க்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில், "பாருங்கள், எவ்வளவு விவரமாக இருக்கிறது!" என்று இன்னும் கீழே நகர்த்தினார்.

கீழே இருந்தது: 'ரேணுகா மேடம் மூணாவது தடவை கலர் மாத்தச் சொன்னதால இந்த வரி. நாலாவது தடவை கேட்டா நான் இமயமலைக்குப் போயிடுவேன்.'

உடனே படிநிலையை மாற்றி நிறுத்த வேண்டும். அவசரத்தில் பாஸ்வேர்ட் இரண்டு தடவை தப்பானது. அந்த நேரம் பார்த்து, தேவியின் காலடியிலிருந்து தவழ்ந்து வந்த பாப்பா, ஹெட்போன் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பதறிப்போய் எதையோ தட்டியதில் மைக்கும் திறந்துகொண்டது. பார்லர் முழுக்க விழுப்புரத்துச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் தேவியின் குரல் விழுப்புரத்துக்குக் கேட்டது.

"அய்ய! அண்ணி, உங்க கம்ப்யூட்டரு தமிழ்ல அழுவுது!"

"தேவி, சும்மா இரு!"

"'இன்னும் நம்பிக்கை வரலை'யாம். யாருக்கு வர்ல? கம்ப்யூட்டருக்கா?"

விழுப்புரத்தில் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. ரேணுகா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரைக்குப் பக்கத்தில் எழுந்து வந்து, ஒரு வரியில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"'இந்த அஞ்சு நிமிஷத்தை வெச்சவர் புள்ளை பெத்தவர் இல்லை.'" திரும்பி அனிகேத்தைப் பார்த்தார். "சார், இத யாரு எழுதுனது?"

அனிகேத் பெருமையோடு, "எல்லாமே சுகன்யாதான்" என்றார்.

"சுகன்யா, லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். இல்லாமல் போக வழியிருந்தால் போயிருப்பேன். நெற்றிச்சுட்டிக்குக் கீழே என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. அதைப் பார்த்த தேவி எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சாரி மேடம்" என்று ஆரம்பித்தேன். நாக்கு நுனியில் ராஜினாமாக் கடிதத்தின் மூன்றாவது பத்தி வந்து நின்றது.

அப்போது தளவானூர் அக்கா ஒரு புருவம் எடுத்தும் ஒரு புருவம் எடுக்காமலும் எழுந்து வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"இது அந்த டோக்கன் ஆப்பாம்மா? பேசறது யாரு, ஆஸ்பத்திரி மேடமா?"

"அக்கா, மீட்டிங் நடக்குது..."

"நல்லாப் போச்சி. மேடம்! காலைல ஏழு மணிக்கே டோக்கன் போட்டேன் மேடம், நாப்பத்தி மூணு. பஸ்ஸு புடிச்சி செஞ்சிக்கு வந்தா, நாப்பத்தி மூணு வேற புள்ளன்றாங்க. மத்தியானம் வான்னுட்டாங்க. ஊருக்குப் போய்ட்டு வர முடியுமா? வந்தது வந்தாச்சி, புருவத்தையாவது எடுத்துக்கினு போலாம்னு குந்தினு இருக்கேன். இன்னா ஆப்பு மேடம் இது?"

என் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கெட்ட பெயருக்குச் சாட்சியே நேரில் வந்துவிட்டது. ஆனால் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எந்த நிலைமையிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். என் வாய் தானாகக் கேட்டது.

"அக்கா, டோக்கன் போடும்போது நடுவுல எழுந்து போனீங்களா?"

"பின்ன? நம்பரு வந்துச்சி. அதுக்குள்ள இவன் வாந்தி எடுத்துட்டான். கழுவி வுட்டு, துணி மாத்தி, பாயி அலசிப் போட்டுட்டு வந்து 'சரி'ன்னு அமுக்குனேன். நம்பரு அப்பிடியேதான் இருந்துச்சி."

நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். பாஸ்வேர்ட் இந்தத் தடவை சரியாக விழுந்தது. என் பக்கத்தில், செஞ்சிக் கிளை, டோக்கன் நாற்பத்து மூன்று என்று தேடினேன். (குழந்தைகளின் பெயரும் போன் நம்பரும் லாகில் வராதபடி முதல் நாளே தடுத்திருந்தேன். அந்த ஒரு பயம் உருப்படியான பயம்.) என் திரையை எல்லோருக்கும் காட்டினேன். நாலே வரிகள்.

ஏழு மணி இரண்டு நிமிடம்: 'உள்ளே வந்தாச்சு, கடவுளே காப்பாத்து.'

அதே நிமிடம்: 'நம்பர் எடுத்து வெச்சாச்சு. இனி அவங்க சரின்னு அமுக்கணும்.'

ஏழு மணி ஏழு நிமிடம்: 'இன்னும் அமுக்கலை. நம்பரை எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்கறோம். ஆனா அவங்க போன்ல பழைய நம்பர் அப்படியே நிக்குமே? இந்த அஞ்சு நிமிஷத்தை வெச்சவர் புள்ளை பெத்தவர் இல்லை.'

ஏழு மணி இருபத்தைந்து நிமிடம்: 'சரின்னு அமுக்கிட்டாங்க. நம்பர் இல்லை. ஆனா அவங்களுக்கு நாம எதுவும் சொல்லலை. இது சரியா? எனக்குத்தான் புரியலையா?'

விழுப்புரத்தில் டாக்டர்கள் இருவரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்கள். பார்லரில் தேவி நூலைக் கையில் பிடித்தபடி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். பாப்பா மட்டும் ஹெட்போனைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அலுவலகத்தில் நூறு தடவை சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் டோக்கன் சரியாக வந்தது. ஏனென்றால் சோதித்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து, ஒரே மூச்சில், முதல் பொத்தானிலிருந்து கடைசிப் பொத்தான் வரை அமுக்கியவர்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் ஒரே மூச்சில் ஒரு வேலையை முடிக்கிறாள்? பால் பொங்கும், போன் வரும், வாந்தி வரும். திரும்பி வந்து மிச்சத்தை அமுக்குவோம். நாங்கள் அமுக்கும்போது நம்பர் கை மாறியிருக்கும்.

முந்தின சாயங்காலத்திலிருந்து அந்தக் கடைசி வரி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தேடினேன். பதினேழு. வரவேற்புப் பெண் ஒருத்தி தன் நோட்டைப் புரட்டினாள். காலையிலிருந்து அவள் கிளையில் சண்டை போட்டவர்களின் டோக்கன் எண்களை எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றும் என் பட்டியலில் இருந்தது.

"கிடைச்சிடுச்சு மேடம்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

ரேணுகா மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "இது எப்ப எழுதுன வரி?"

"மூணு வாரம் ஆச்சு மேடம்."

"மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்குது. யாருகிட்டயும் ஏன் சொல்லல?"

"சொல்லலாமா வேணாமான்னு சந்தேகமா இருந்தது மேடம்."

"அதுக்கு மிஷின்கிட்ட சொன்னீங்களா?"

இப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்தபடியே, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றிருந்த அனிகேத்துக்கு அந்த ஐந்து நிமிட வரியை ஆங்கிலத்தில் சொன்னார். நிரலில் அந்த ஐந்து நிமிடத்தை வைத்தவர் அனிகேத்தான். அவர் முகம் சிவந்தது. திரையை ஒருமுறை பார்த்தார், கேமராவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, "வரியில் சொன்னது உண்மைதான். பெற்றதில்லை" என்றார்.

அன்று சாயங்காலமே மாற்றி ஏற்றினோம். நம்பரை இனி இருபது நிமிடம் எடுத்து வைக்கும், கை மாறப் போகிறது என்றால் முன்னாலேயே போனில் சொல்லும், போய்விட்டால் புது நம்பர் தரும். ரேணுகா மேடம் மீட்டிங்கில் இருந்தபடியே செஞ்சிக் கிளைக்குப் போன் செய்து தளவானூர் அக்காவின் பையனை உடனே பார்க்கச் சொல்லிவிட்டார். அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு புருவத்தோடுதான் ஓடினார். தேவி வாசல் வரை போய், "யக்கா, இன்னொண்ணு பாக்கி இருக்குது!" என்று கத்தினாள். "புள்ளையப் பாத்துட்டு வரேன், எடுத்து வையி!" என்று பதில் வந்தது.

அந்த வாரக் கடைசியில் அனிகேத் பேசினார். செஞ்சியிலேயே இருக்கலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும். இனி யார் கோட் எழுதினாலும் நடுவில் எழுந்து போகும் ஆளாக இருந்து சோதித்துப் பார்க்கும் பொறுப்பும் எனக்கே. ராஜினாமாக் கடிதம் வீணாகிப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. என் தமிழ் வரிகளை அழித்துவிடவா என்று கேட்டேன். கடவுளைக் கூப்பிடும் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றவை இருக்கட்டும், மருத்துவமனைக்காரர்கள் தினமும் படிக்கிறார்களாம் என்றார்.

மறுநாளே ரேணுகா மேடத்திடமிருந்து செய்தி வந்தது. நான்காவது தடவையாகக் கலரை மாற்ற வேண்டுமாம். 'இமயமலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க' என்று எழுதியிருந்தார். முடித்துக் கொடுத்தேன்.

தேவி இந்தக் கதையைப் புருவம் எடுக்க வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லி, செஞ்சியில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டில் இதை நிரந்தரமாக்கியவர் என் வீட்டுக்காரர். எனக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் நான் சொல்ல மாட்டேன், பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன். முன்பெல்லாம் அவரும் ஒன்றும் கேட்காமல் கடைக்கு நழுவிவிடுவார். இப்போது அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, சிரிப்பை அடக்கியபடி கேட்கிறார்:

"இன்னா, லாக்ல எழுதிட்டியா, இல்ல நேர்ல சொல்லப் போறியா?"

நான் கையைத் துடைத்துக்கொள்கிறேன்.

"நேர்லயே சொல்றேன். உக்காருங்க."